உப்புக்கறியில் ஒளிய இடமில்லை

காரமா? இதையா காரம் என்கிறீர்கள்?

தப்பாக நினைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஒரு வடையைச் சாப்பிட்டால் கேட்காமல் இருக்க முடியவில்லை. விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அந்த மூலைக் கடையில் வாங்கியதுதானே? நானும் அங்கேதான் இரண்டு தின்றுவிட்டு ஏறினேன். சட்னி என்று ஒன்றை ஊற்றினான். சுவருக்கு அடிக்கிற காவியைக் கரைத்து ஊற்றியிருந்தால்கூட அதைவிடச் சுரணையாக இருந்திருக்கும். நீங்கள் அதைத் தின்றுவிட்டு அழுகிறீர்கள். தண்ணீர் குடியுங்கள். மெதுவாக. நான் உங்களைச் சொல்லவில்லை, காலத்தைச் சொல்கிறேன். மனிதனுக்கு நாக்கு செத்துப்போன காலம் இது.

நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் இல்லை. காரம்தான் என் பிழைப்பு. சாத்தூருக்கு இந்தப் பக்கம், மில் விலக்கில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரு மிளகாய்ப்பொடி கம்பெனி இருக்கிறது. பெயர் வேண்டாம், உங்கள் வீட்டு அடுக்களையிலேயே பாக்கெட் இருக்கும். அங்கே அரைக்கிற பொடி எதுவும் என் நாக்கைத் தாண்டாமல் பாக்கெட்டுக்குள் போகாது. பெரிய முதலாளி ரத்தினவேல் அய்யா வைத்த வழக்கம் அது. உப்புப் போடாத நொய்க்கஞ்சி ஒரு கிண்ணம், வெதுவெதுப்பாக. அதில் புதுப்பொடி ஒரு சிட்டிகை. நான் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடுவேன். அறைக்குள் ஒருவரும் மூச்சு விடக் கூடாது. நாக்கு நுனியில் எப்போது சுடுகிறது, தொண்டையில் எப்போது இறங்குகிறது, காது மடல் எப்போது சூடாகிறது, எல்லாம் எனக்கு ஒரு கணக்கு. ‘போகட்டும்’ என்றால் போகும். ‘நிற்கட்டும்’ என்றால் நிற்கும். சம்பா மிளகாயைக் கூட்டு, குண்டு மிளகாயைக் குறை என்று சொல்வேன். இப்போதெல்லாம் குறைக்கச் சொல்வதற்கே வேலை வருவதில்லை. கூட்டு, கூட்டு என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மிளகாய் அப்படி வருகிறது. மண்ணில் சத்து இல்லை, அதற்கு மிளகாய் என்ன செய்யும்?

வெளியூர் வியாபாரிகள் வந்தால் அய்யா அவர்களை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு வருவார். சிகாமணியின் நாக்கைப் பாருங்கள் என்பார். நானும் நீட்டிக் காட்டியிருக்கிறேன் ஒரு தடவை. சிரிக்காதீர்கள். கோவிலில் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

அய்யா போய்விட்டார். இப்போது அவர் மகன் தினகர். நல்ல பையன், குரலை உயர்த்தமாட்டான், என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். ஆனால் வெளியூரில் படித்துவிட்டு வந்தவன். வந்ததும் முதல் வேலையாக என் அறைக்கு அடுத்த அறையில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தான். பார்த்தால் துணி துவைக்கிற பெட்டி மாதிரி இருக்கும். பொடியை எதிலோ கரைத்து அதற்குள் விட்டால் கம்ப்யூட்டரில் ஒரு எண் வரும். அந்த எண்தான் காரமாம். அதைப் பார்த்துக்கொள்ள எஸ்தர் என்று ஒரு பெண்ணைப் போட்டான். சாப்பாட்டைப் பற்றியே பட்டப்படிப்பு படித்தவள். சாப்பாட்டை எதற்குப் படிக்க வேண்டும், சாப்பிட்டால் போதாதா? அமைதியான பெண்தான். அதில்தான் எனக்கு எரிச்சலே. சண்டை போட்டால் பதில் சொல்லலாம். பேசாமல் நிற்கிறவளை என்ன செய்வது?

சமீபத்தில் ஒரு லோடு திரும்பி வந்தது. திருச்சூர் வியாபாரி. காரம் தாங்கவில்லை, வாங்கியவர்கள் கடையில் வந்து சண்டை போடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து ஒன்று. எஸ்தர் என்னிடம் வந்து, மெஷினிலும் கொஞ்சம் அதிகமாகத்தான் காட்டுகிறது அண்ணாச்சி என்றாள். உன் மெஷினுக்கு நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, காட்டு பார்ப்போம் என்று கேட்டேன். பாக்கெட் போடுகிற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

நான் திமிர் பிடித்தவனா என்று என்னையே கேட்டுக்கொள்வது உண்டு. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிற ஆள். அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து யோசித்தேன், அந்தப் பெண்ணை அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொன்னது சரியா என்று. ஒரு தகப்பன் வயதில் இருக்கிறவன் செய்கிற காரியமா? என் தம்பியோடு பேச்சை விட்டது சரியா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வயது ஐம்பத்தாறு ஆகிறது, இதுவரை யாருக்காவது உபயோகமாக இருந்தேனா என்றுகூடக் கேட்டுக்கொள்வேன். நாக்கைப் பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டு கால் இருக்கிறவன் தினம் காலையில் குனிந்து எண்ணிப் பார்ப்பானா?

கம்பெனிக்கு இது வெள்ளிவிழா வருஷம். போன மாதம் தினகர் எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னான். ஓட்டல் சாப்பாடு வேண்டாம். ஆளுக்கு ஒரு காரப் பதார்த்தம், வீட்டில் சமைத்தது, கொண்டுவர வேண்டும். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம். எது நன்றாக இருக்கிறதோ அதன் செய்முறையைப் புதுப் பாக்கெட்டின் பின்பக்கம் செய்தவர் பெயரோடு அச்சடிப்போம். கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கூட விடுதிகளுக்கு நம் பொடி போகப் போகிறது, பெரிய ஆர்டர், விழா முடிந்த திங்கட்கிழமை முதல் லோடு என்றான். அப்புறம் என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, இனிமேல் மெஷின் சொல்வதும் அண்ணாச்சி சொல்வதும் ஒத்துப்போனால்தான் சரக்கு வெளியே போக வேண்டும் என்றான்.

அய்யா உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னான். நான் எழுந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று கணக்குப் பார்க்கிற கோமதிநாயகம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் கேட்கவில்லை.

“தம்பி, விருந்துல என் பாத்திரம் வழிச்சுத் துடைச்சுக் காலியாகலேன்னா, நான் இனிமே கஞ்சிக் கிண்ணத்தைத் தொடல. காலியாச்சுன்னா, மெஷின் பேச்சு என் அறைக்குள்ள வரக் கூடாது. சம்மதமா?”

அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். பாவம், அவன் என்ன செய்வான். சரி அண்ணாச்சி என்றான்.

ஆக, அது வெறும் விருந்து இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். என் அறை இருக்குமா போகுமா என்பதே நான் எதைச் சமைத்துக்கொண்டு போகிறேன் என்பதில் வந்து நின்றது.

எதைக் கொண்டுபோவது? ஒரு வாரம் வேறு நினைப்பே இல்லை. மற்றவர்கள் என்ன கொண்டுவருகிறார்கள் என்று விசாரித்தேன். கேட்டால் வயிறு எரியும். கோமதிநாயகம் வீட்டில் சில்லி காலிஃபிளவராம். சாயத்தில் முக்கிய பஞ்சு அது. பாக்கெட் பிரிவில் மிளகுக் காளான். லோடு அனுப்புகிற பையன் ஒருவன் செஸ்வான் நூடுல்ஸ் என்றான். என்னடா அது என்றேன். சீனாக்காரன் சாப்பிடுவது அண்ணாச்சி என்றான். சீனாக்காரனிடம் யார் கேட்டது? எஸ்தர் பணியாரமும் பூண்டு மிளகாய்ச் சட்னியும் என்று கேள்வி. அதுவாவது பரவாயில்லை, நம் ஊர்ப் பெயர் இருக்கிறது.

வீட்டில் என் மனைவி பூரணத்திடம் கேட்டேன். கருவாட்டுத் தொக்கு என்றாள். வேண்டாம், வாசனைக்கே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள், ஓடுகிறவன் எங்கே சாப்பிட்டுப் பார்ப்பான்? மிளகாய் பஜ்ஜி என்றாள். நான் என்ன டீக்கடையா வைத்திருக்கிறேன்? எண்ணெய்க் கத்தரிக்காய் என்றாள். அதில் புளி இருக்கிறது. புளி இருந்தால் காரம் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கோழிக் குழம்பா? தேங்காய் இருக்கிறது, அதன் பின்னால் ஒளியும். தக்காளி, பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாமே ஒளிகிற இடங்கள்தான். சமைக்கத் தெரியாதவன் பூராப் பேரும் அங்கேதான் குடியிருக்கிறான். எனக்கு ஒளிய இடமே இல்லாத ஒரு பதார்த்தம் வேண்டும். கடைசியில் கிடைத்துவிட்டது. உப்புக்கறி.

சாப்பிட்டிருக்கிறீர்களா? ஆட்டுக்கறியைச் சின்னதாக நறுக்கி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிப்போட்ட வற்றல் மிளகாய், உப்பு. கொஞ்சம் மஞ்சள். அவ்வளவுதான். கறி தன் தண்ணீரிலேயே வெந்து சுருண்டு வர வேண்டும். உப்பும் காரமும்தான் மொத்த வித்தையும். நான் சொன்னதும் பூரணம் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அப்புறம், அது வேண்டாங்க என்றாள். ஏன் என்றேன்.

“அதுல உப்பும் காரமும் துளி தப்பினாலும் தெரிஞ்சுபோகும்.”

அதற்காகத்தானே அதைச் செய்கிறேன் என்றேன். சரி, நான் செய்து தருகிறேன் என்றாள். உன் கையால் செய்தால் அது உன் நாக்கு, என் நாக்கு இல்லையே என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதை எங்கிருந்துதான் இந்தப் பெண்கள் கற்றுக்கொள்கிறார்களோ.

கோமதிநாயகம் கேள்விப்பட்டுக் கிண்டல் செய்தார். பொடிக் கம்பெனி வெள்ளிவிழாவுக்குப் பொடியே போடாத பதார்த்தமா, நகைக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மஞ்சள் கயிற்றோடு போகிற மாதிரி இருக்கிறதே என்றார். போட்டியில் காரம் இருக்க வேண்டும் என்றுதானே சொன்னார்கள், பொடி இருக்க வேண்டும் என்று சொன்னார்களா? பொடி ஊருக்கு விற்க. நாக்கு இருக்கிறவனுக்கு முழு மிளகாய்.

சனிக்கிழமை விருந்து. விடிந்ததும் கறிக்கடைக்குப் போய்த் தொடைக்கறியாகப் பார்த்து வாங்கிவந்தேன். அதில் பாதியை வீட்டுக்கு என்று பூரணம் எடுத்து வைத்துக்கொண்டாள். மீதியை நான் அடுப்பில் ஏற்றினேன். குண்டு மிளகாயை விதையோடு கிள்ளிப் போட்டேன். விதையை எடுத்துவிட்டால் அப்புறம் அது மிளகாயா, வெறும் தோல். வெந்து வந்ததும் ஒரு துண்டை வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது. இன்னும் ஒரு கை மிளகாய் போட்டேன். மறுபடியும் சப். உப்பும் ஏறவில்லை. போட்டேன். அடுக்களை பூராவும் புகைந்தது, பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. எல்லாம் ரொட்டி தின்கிற குடும்பம்.

பூரணம் வந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். நேரே பின்பக்கம் குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை, நெஞ்சு கரிக்கிறது என்றாள். அவளுக்கு வாயுத் தொல்லை உண்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, நீங்கள் போய் முகச்சவரம் செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், அதற்குள் பாத்திரத்தில் எடுத்து வைக்கிறேன் என்றாள். விழா நாள், நானும் போனேன். சனிக்கிழமை, சலூனில் கூட்டம். திரும்பி வந்தபோது பாத்திரம் துணி கட்டித் தயாராக இருந்தது. அவள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள். பாத்திரம் துடைத்ததற்கா இப்படி என்று நினைத்தேன். வயதாகிறதில்லையா.

விருந்து பாக்கெட் போடுகிற கூடத்தில். மெஷின்களை ஓரம் தள்ளிவிட்டு மேசைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொன்றையும் வாயில் வைத்துப் பார்த்தேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. காலிஃபிளவர், நான் சொன்னதுபோலப் பஞ்சு. காளான் ரப்பர். நூடுல்ஸ் நனைந்த நூல். எஸ்தரின் சட்னி ஈர மண். ஒன்றிலாவது ஒரு குணம் வேண்டாமா? இத்தனை குடும்பங்களில் சமைக்கத் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லையே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது. ஆனால் அவர்கள் ஆஹா ஓஹோ என்று ஒருத்தர் பதார்த்தத்தை ஒருத்தர் புகழ்ந்துகொண்டு சாப்பிட்டார்கள். நாக்கும் இல்லை, வெட்கமும் இல்லை.

அப்புறம் என் பாத்திரத்தைத் திறந்தேன். முதல் துண்டை நானே எடுத்து வாயில் வைத்தேன். அதில்தான் என் கை தெரிந்தது. குண்டு மிளகாய் நாக்கில் உட்கார்ந்து, நெஞ்சுக்குள் இறங்கி நின்றது. கோமதிநாயகத்தைப் பக்கத்தில் கூப்பிட்டு, முதுகுளத்தூர் மிளகாய் எப்படிப் பேசுகிறது பார்த்தீரா என்றேன். அவர் ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார். தட்டை நீட்டினார். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள். தினகர் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டான். பாக்கெட் போடுகிற ஒரு பெண் தன் சின்னப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே, பிள்ளைகூடச் சாப்பிடுது அண்ணாச்சி, அவ்வளவு இதமா இருக்கு என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதமா? நான் போட்ட மிளகாய்க்கு அவர்கள் கூடத்தைச் சுற்றி ஓடியிருக்க வேண்டும். பாராட்டக்கூடத் தெரியவில்லை பாருங்கள். கடைசியில் கோமதிநாயகம் ஒரு சப்பாத்தியை வைத்துப் பாத்திரத்தின் அடியைத் துடைத்துத் தின்றார். பாத்திரத்தைத் தூக்கிக் கவிழ்த்து எல்லாருக்கும் காட்டினேன்.

எஸ்தர் மட்டும் தட்டை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, விதையெல்லாம் எடுத்துட்டுச் செஞ்சீங்களா?”

விதையோடுதானம்மா, ஒரு விதைகூட எடுக்கவில்லை என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள். மிளகாய்த் தோலை விரலால் புரட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. நல்லா இருக்கு அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பொறாமை. படித்தவர்களுக்கு அது அதிகம்.

தினகர் எழுந்து பேசினான். பாக்கெட்டில் அண்ணாச்சியின் உப்புக்கறிதான் என்றான். சொன்ன சொல் சொன்னதுதான், கஞ்சிக் கிண்ணத்துக்கு மேல் வேறு பேச்சு இனி இல்லை, விடுதிக்குப் போகிற லோடும் அண்ணாச்சி ‘போகட்டும்’ என்றால் போகும் என்றான். கைதட்டினார்கள். அய்யா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாத்திரம் காலியானதைச் சொன்னேன், சிரித்தாள். பாக்கெட்டில் பெயர் வரப்போகிறதைச் சொன்னேன், அதற்கும் சிரித்தாள். பந்தயத்தைப் பற்றி அவளிடம் நான் முன்னால் சொல்லியிருக்கவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும், ஆம்பிளைகள் விவகாரம். இப்போது சொன்னேன். மெஷினை ஓரங்கட்டிவிட்டேன், திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போகிற பொடிகூட என் ஒரு வார்த்தையில்தான் போகப் போகிறது என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு இது தெரியாதே. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேனே.”

எதைச் செய்திருக்கமாட்டாய் என்றேன். நீங்கள் கொண்டுபோனது நான் வைத்தது என்றாள். நீங்கள் வைத்ததை யாரும் வாயில் வைக்க முடியாது, நாலு பேர் முன்னால் உங்களுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று நீங்கள் சலூனுக்குப் போன நேரத்தில் மாற்றி வைத்தேன் என்றாள்.

எனக்குத் தெரியும் என்றேன்.

ஆமாம், தெரியும். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது அது என் கை இல்லை என்று. அப்படியானால் கோமதிநாயகத்திடம் ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். அத்தனை பேர் நடுவில் என் மனைவி என்னை ஏமாற்றிவிட்டாள் என்றா சொல்ல முடியும்? அவள் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தேன் என்றால், பேசினேன், ஆனால் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தேன். இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன், அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவளிடமும் இதைத்தான் சொன்னேன். தெரியுமா, சரி என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். சோற்றைப் போட்டாள். பக்கத்தில் இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் உப்புக்கறி. இரண்டும் ஒரே நிறம், ஒரே மாதிரிச் சூடு.

“எது நீங்க வச்சது, எது நான் வச்சது? சொல்லுங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சாப்பிடும்போது அவள் எனக்கு எதிரில்தான் உட்காருவாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். குழம்பு நன்றாக அமைந்திருந்தால் அவள் உதட்டோரத்தில் தெரியும். உப்புக் கூடிவிட்டால் கண் தரைக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் நன்றாக இருக்கிறது என்பேன், இல்லை, இன்றைக்குக் கொஞ்சம் கூடிவிட்டது என்பேன். ஒரு தடவையும் தப்பியதில்லை. இப்போது எதிரில் ஒரு முதுகு. எதற்குத் திரும்பி நிற்கிறாய் என்றேன். சும்மாதான் என்றாள்.

வலது கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு. மென்றேன். இடது கிண்ணத்திலிருந்து ஒரு துண்டு. மறுபடி வலது. கண்ணை மூடிப் பார்த்தேன். கஞ்சி அறையில் மூடுவதுபோலத்தான் மூடினேன். தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான், அந்தச் சத்தத்தில் வேறு ஒன்றும் ஓடவில்லை. மனதை ஒருமுகப்படுத்த விட்டால்தானே? கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது, அது வெயிலுக்கு. பிறகு தீர்மானமாகச் சொன்னேன். வலது பக்கம் இருப்பது என்னுடையது. இடது உன்னுடையது. சப்பென்று இருக்கிறது பார், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியம் மாதிரி.

அவள் திரும்பினாள்.

“ரெண்டும் நீங்க வச்சதுதான். நான் வச்சதுதான் அங்கேயே வழிச்சுத் துடைச்சுக் காலியாச்சே. வீட்டுல எங்க இருக்கும்?”

சொல்லுங்கள், இது ஒரு பரீட்சையா? பரீட்சை என்றால் இரண்டில் ஒன்று சரியாக இருக்க வேண்டும் இல்லையா? இரண்டும் தப்பு என்று வைத்தால் எவன் பாஸாவான்? கட்டின புருஷனைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து ஏமாற்றுவது என்ன புத்தி? இதைத்தான் அவளிடம் கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மழைக்காலத்துல உங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்து எழுந்ததுலேர்ந்து உங்க தட்டுக்குத் தனியா வைக்கிறேன், எனக்குத் தனியா வைக்கிறேன். யார்ட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டயும் சொன்னதில்ல. எனக்கு அது பெரிய பாடில்லைங்க. ஆனா நாளைக்குப் போறது பிள்ளைக திங்கிற பொடி. எஸ்தர்ட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க.”

என்ன சொல்ல வேண்டும் என்றேன். அவள் கையை விட்டுவிட்டு இரண்டு கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குழாயடியில் கொட்டிக் கழுவுகிற சத்தம் கேட்டது. நல்ல தொடைக்கறி.

இன்று காலையில் கிளம்பும்போதும் வாசலில் வந்து நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் போய் உட்காருவேன். எஸ்தர் கஞ்சியைக் கொண்டுவந்து வைப்பாள். மெஷின் என்ன எண் காட்டியது என்று அவளுக்குத் தெரியும், ஆனால் சொல்லமாட்டாள், சொல்லக் கூடாது என்பதுதானே பந்தயம். லாரி வாசலில் நிற்கும். தினகர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். நான் ஒரு கரண்டி வாயில் வைப்பேன். அப்புறம் ஏதாவது சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை, அதை நீங்கள் நம்ப வேண்டும். நான் பொய் சொல்கிற பரம்பரை இல்லை. யாராவது ஒருத்தர் என் முகத்தைப் பார்த்து, அண்ணாச்சி, உங்களுக்கு நிஜமாகவே தெரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவேன். கேட்காதபோது எப்படிச் சொல்வது? தானாகப் போய்ச் சொல்கிற விஷயமா அது? எஸ்தர் விதையைப் பற்றிக் கேட்டாளே, இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கலாம். கோமதிநாயகம் கேட்டிருக்கலாம். திரும்பி வந்த மூட்டைகளைப் பார்த்துவிட்டுத் தினகர் கேட்டிருக்கலாம். ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தனை மரியாதை என்மேல்.

நீங்களும்தான். விருதுநகரிலிருந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள். ஊர் பேர் தெரியாத ஆள், உங்களுக்கு என்ன பயம்? நீங்களாவது கேட்டிருக்கலாம்.

சரி. மில் விலக்கு வந்துவிட்டது. காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள், நான் இறங்க வேண்டும்.